நம் கடை, நம் கஸ்டமர், நடுவில் டிஎல்டி

திருநெல்வேலியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு என்னைக் கூப்பிட்டார். மேசையில் தடித்த நோட்டு ஒன்று கிடந்தது. பத்து வருஷமாக பில் போடும்போது கேட்டு எழுதிவைத்த செல்போன் எண்கள், நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். "எல்லாருக்கும் தள்ளுபடி சேதியைத் தட்டி விடணும் தம்பி. எவ்வளவு ஆகும்?"

காசு பெரிதில்லை அண்ணாச்சி, அதற்கு முன்னால் சில பதிவுகளை முடிக்க வேண்டும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "என் கடை, என் கஸ்டமர். நடுவுல கவர்மெண்டுக்கு என்ன சோலி?"

கேள்வி நியாயமானது. எஸ்எம்எஸ் போகிற பாதை அண்ணாச்சியுடையது இல்லை. ஏர்டெல், ஜியோ, வி, பிஎஸ்என்எல் ஆகியவற்றுடையது. அந்தப் பாதையில் எது, எப்படிப் போகலாம் என்று வரையறுப்பது டிராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். தொல்லை அழைப்புகளைத் தடுக்க 2007-ல் ஒரு பதிவேடு வந்தது. வேண்டாம் என்று பதிந்தவர்களைத் தொந்தரவு செய்யாதே என்பதுதான் அதன் சாரம். 2010-ல் விதிகள் இறுகின. அப்படியும் தொல்லை தீரவில்லை. வங்கிப் பெயரில் ஒருவன் செய்தி அனுப்பினால், அனுப்பியது வங்கிதானா என்று பாதி வழியிலேயே சரிபார்க்க உறுதியான ஏற்பாடு இல்லை.

2018 ஜூலையில் டிராய் புது விதிகளை அறிவித்தது. அதன் முழுப் பெயர் வாயில் நுழையாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'டிஎல்டி' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். டிஸ்ட்ரிபியூட்டட் லெட்ஜர் டெக்னாலஜி என்பதன் சுருக்கம் அது. பிளாக்செயின் வகையைச் சேர்ந்தது. அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லா டெலிகாம் நிறுவனங்களும் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பேரேடு என்று நினைத்துக்கொண்டால் போதும். ஒரு நிறுவனத்தின் தளத்தில் எழுதியதை மற்றவர்களும் பார்க்கலாம், யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாது.

அந்தப் பேரேட்டில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: அனுப்புவது யார், எந்தப் பெயரில் அனுப்புகிறார், என்ன வாசகம் அனுப்புகிறார். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் போகிற வழியில் இந்த மூன்றோடும் ஒப்பிடப்படும். ஒத்துப்போனால் போகும், இல்லையென்றால் நின்றுவிடும். தொழிலில் இதற்கு 'ஸ்க்ரப்பிங்' என்று பெயர்.

முதலில், யார். கடை தன்னை 'பிரின்சிபல் என்டிட்டி' என்று பதிய வேண்டும். பான் அட்டை, ஜிஎஸ்டி போன்ற தொழில் சான்று, யார் கையெழுத்திடலாம் என்பதற்கு ஒரு கடிதம், சில ஆயிரம் ரூபாய் கட்டணம். ஏதாவது ஒரு டெலிகாம் நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் பதிந்தால் போதும். முடிந்ததும் 19 இலக்க எண் ஒன்று வரும். அதை பத்திரமாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பிறகு எல்லா இடத்திலும் கேட்பார்கள். பல்க் எஸ்எம்எஸ் பேனல், அதாவது மொத்தமாகச் செய்தி அனுப்பும் இணைய வசதி, விற்கும் நிறுவனம் இதே பேரேட்டில் டெலிமார்க்கெட்டராகப் பதிந்திருக்கும். 'என் செய்தி இவர் வழியாகத்தான் போகும்' என்று இரண்டையும் தளத்தில் கோத்துவிட வேண்டும். 2024 டிசம்பர் 11 முதல் இந்தச் சங்கிலி அறுந்திருந்தால் செய்தி போகாது. பேனலை மாற்றிய பல கடைகள் இதை மறந்துவிட்டு, பணம் கட்டியும் மெசேஜ் போகவில்லையே என்று சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பெயர். இதுதான் 'ஹெட்டர்'. உங்கள் செல்போனில் வங்கிச் செய்தி ஒன்றைத் திறந்து மேலே பாருங்கள். பத்து இலக்க எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் இரண்டு எழுத்தும் டெலிகாம் நிறுவனம் போடுபவை. அதில் முதலெழுத்து நிறுவனத்தைச் சொல்லும்: ஏ என்றால் ஏர்டெல், ஜே என்றால் ஜியோ. அடுத்த எழுத்து வட்டம், அதாவது எந்தத் தொலைத்தொடர்புப் பகுதி என்பதைச் சொல்லும். ஒரு கோடு தாண்டி வருவதுதான் அனுப்புபவர் பதிந்த பெயர். கடைசியில் இன்னொரு கோடும் ஒற்றை எழுத்தும் இருக்கும். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. இந்தக் கடைசி எழுத்து 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில் கட்டாயமானது. வாடிக்கையாளருக்கும் இது நல்லதுதான். செய்தியைத் திறக்காமலே ஆஃபரா, அக்கவுண்ட் விஷயமா என்று தெரிந்துவிடும். அண்ணாச்சிக்கு மகள் பெயரில் ஹெட்டர் வேண்டுமாம். கடைப் பெயரோடு தொடர்பில்லாமல் கேட்டால் நிராகரிப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுத்தான் தீருவேன் என்றார். நிராகரித்தார்கள்.

மூன்றாவது, வாசகம். புதிதாக வருபவர்கள் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

டெம்ப்ளேட் என்றால் என்ன?

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் மாதிரி அட்டை வைத்திருப்பார்கள். பெயர், நாள், மண்டபம் மட்டும் காலியாக இருக்கும்; மற்ற வரிகளை அப்படியே அச்சடிப்பார்கள். எஸ்எம்எஸ் டெம்ப்ளேட்டும் அதே மாதிரிதான். அண்ணாச்சி கடையின் பில் செய்திக்கு நாங்கள் பதிந்த டெம்ப்ளேட் ஏறக்குறைய இப்படி இருக்கும் (காலியிடத்துக்குத் தளத்தில் தனிக் குறியீடு உண்டு, இங்கே கோடு போட்டுக் காட்டுகிறேன்):

"வணக்கம் ____, பில் எண் ____, தொகை ரூ.____ பெற்றுக்கொண்டோம். நன்றி."

அதன்பின் கடைப் பெயர். கடைப் பெயர் டெம்ப்ளேட்டிலேயே இருக்க வேண்டும். ஒரு காலியிடத்தில் அடங்கும் எழுத்துக்குறிகளுக்கும் வரம்பு உண்டு. எல்லாவற்றையும் காலியிடமாக விட்டுவிட்டு 'வணக்கம் ____ ____ ____' என்று பதிந்தால் எதை வேண்டுமானாலும் நிரப்பலாமே என்று எல்லோருக்கும் ஒரு யோசனை வரும். டெலிகாம் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கும் அது தெரியும். ஒப்புதல் கிடைக்காது. காலியிடத்தில் வரப்போவது எண்ணா, இணைப்பா, போன் நம்பரா என்று முன்பே குறிக்க வேண்டும் என்றும் 2025-ல் டிராய் சொல்லிவிட்டது.

ஒப்பிடுவது இயந்திரம். அதற்கு தாட்சண்யம் கிடையாது. பதிந்த வாசகத்தில் 'பெற்றுக்கொண்டோம்' என்று இருந்து, அனுப்பும்போது 'பெற்றுக் கொண்டோம்' என்று இடைவெளி விட்டால் செய்தி நின்றுவிடும். தமிழில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத சிக்கல் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் சேர்ந்தே ஒரே குறியாகவும் பதிவாகலாம், தனித்தனி இரண்டு குறிகளாகவும் பதிவாகலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு அவை வேறு. ஒரு கீபோர்டில் டெம்ப்ளேட்டை அடித்து, இன்னொரு கீபோர்டில் செய்தியை அடித்தால் இந்த வம்பு வரலாம். அதனால் டெம்ப்ளேட்டைத் திரும்ப அடிக்காதீர்கள். ஒப்புதலான வாசகத்தை அங்கிருந்தே காப்பி எடுங்கள்.

இயந்திரம் எவ்வளவு கறார் என்பதை நாடே ஒருநாள் பார்த்தது. 2021 மார்ச் 8, திங்கட்கிழமை. இந்த ஒப்பிடும் வேலையை டெலிகாம் நிறுவனங்கள் முழுமையாகத் தொடங்கின. பல வங்கிகளும் இணைய நிறுவனங்களும் தங்கள் டெம்ப்ளேட்டுகளை ஒழுங்காகப் பதிந்திருக்கவில்லை. ஓடிபிகள் வராமல் நின்றன. பணம் அனுப்ப முடியவில்லை. தடுப்பூசிக்குப் பதிய கோவின் தளத்துக்குப் போனவர்களுக்கும் ஓடிபி சிக்கல். மறுநாளே டிராய் ஏழு நாளைக்கு இதை நிறுத்திவைத்தது. தவறுபவர்கள் பட்டியலை வெளியிட்டு, ஏப்ரலிலிருந்து மீண்டும் கறாராக்கியது. பெரிய வங்கிகளுக்கே அந்த நிலை என்றால் நம் கடைக்கு என்ன சலுகை கிடைக்கும்?

பில்லுக்குள் ஆஃபரைச் செருகுவது

செய்திகளை விதி வகை பிரிக்கிறது. வாடிக்கையாளர் ஒரு காரியம் செய்தார், அதற்குப் பதிலாக ஒரு தகவல் போகிறது என்றால் அது பரிவர்த்தனை அல்லது சேவை. பில், ஓடிபி, 'உங்கள் துணி தைத்துத் தயார்' எல்லாம் இந்தப் பக்கம். வாங்க வைக்க வேண்டும் என்பதற்காகவே அனுப்புவது விளம்பரம். சேவைச் செய்தி, தொல்லை வேண்டாம் என்று பதிந்தவருக்கும் போகும், ராத்திரியிலும் போகும். விளம்பரம் காலை 10-லிருந்து இரவு 9 வரைதான், அதுவும் வேண்டாம் என்று சொல்லாதவருக்குத்தான்.

இதைக் கேட்டதுமே அண்ணாச்சியின் கண் மின்னியது. "அப்போ பில் மெசேஜ் கடைசியில 'அடுத்த தடவை பத்து பர்சென்ட்'னு ஒத்த வரி சேத்துருவோம். எல்லாருக்கும் போயிரும்லா?"

நான் பார்த்த கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த யோசனை தானாகவே வருகிறது. யோசனையில் புத்திசாலித்தனம் இருக்கிறது, ஆனால் நடக்காது. சேவை என்று பதிந்த டெம்ப்ளேட்டில் தள்ளுபடி வாசகம் இருந்தால் ஒப்புதல் தரும் இடத்திலேயே திருப்பிவிடுவார்கள். காலியிடத்தில் நைசாகத் திணித்தால் ஒருநாள் இரண்டு நாள் ஓடும். யாராவது புகார் செய்தால் டெம்ப்ளேட்டை முடக்குவார்கள், அதோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பில் செய்தியும் நிற்கும். பில்லுக்கு ஒன்று, தையல் தகவலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதிவதுதான் நிம்மதி.

செய்தியில் இணைப்பு வைப்பதாக இருந்தால் அதற்கும் முன்பதிவு வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், அனுமதிப் பட்டியலில் சேர்க்காத இணைய முகவரி, செயலிக் கோப்பு ஆகியவை உள்ள எஸ்எம்எஸ் தடுக்கப்படுகிறது. கரண்ட் பில் கட்டவில்லை, இதைத் தொடுங்கள் என்று வந்த மோசடிச் செய்திகளால் பணம் இழந்தவர்களைக் கேட்டால் இந்த விதி ஏன் என்று சொல்வார்கள். அண்ணாச்சிக்கு வெப்சைட் கிடையாது. அந்தத் தொல்லை மிச்சம்.

தமிழில் அனுப்பினால்

அண்ணாச்சிக்குத் தமிழில்தான் போக வேண்டும். எனக்கும் அதுதான் இஷ்டம். ஆனால் செலவுக் கணக்கு தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்துக்குறி. தமிழில் 70. அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரியும், துண்டுக்கு 67. ஒவ்வொரு துண்டுக்கும் காசு.

அந்த 70-ம் நாம் எண்ணும் 70 எழுத்து இல்லை. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு. க் என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு, ம் அப்படியே. துணைக்கால், கொக்கி, கொம்பு எல்லாமே தனிக் கணக்கு. "உங்கள் துணி தைத்துத் தயார். கடைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்." ஏழே சொற்கள். எண்ணிப் பார்த்தால் இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 60. மிச்சம் பத்து, அதற்குள் பெயரும் கடைப் பெயரும் அடங்குமா? அடங்காது, இரண்டாம் எஸ்எம்எஸ் ஆகிவிடும். பல கடைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவதன் ரகசியம் இதுதான். படிக்கக் கண் கூசினாலும் பாதிக் காசு மிச்சம். 'பெற்றுக்கொள்ளவும்' என்பதை 'வாங்க' என்று மாற்றினோம். குறிகள் 17-லிருந்து 5-க்கு இறங்கின, மரியாதையும் குறையவில்லை.

டெம்ப்ளேட் பதியும்போது யூனிகோடு (தமிழ் போன்ற எழுத்துகளுக்கான கணினிக் குறியீட்டு முறை) என்று குறிக்க மறக்க வேண்டாம். மறந்தால் வாடிக்கையாளர் போனில் கேள்விக்குறி வரிசைகட்டி நிற்கும்.

நோட்டில் உள்ள நாலாயிரம் பேர்

பில் போடும்போது நம்பர் கொடுத்தவர் விளம்பரத்துக்குச் சம்மதித்தாரா? பில்லுக்குத்தான் கொடுத்தார். ஒரு பரிவர்த்தனையை வைத்துக் கிடைக்கும் சம்மதத்துக்கு ஆயுள் குறைவு. 2025 திருத்தப்படி ஏழு நாள்தான். பத்து வருஷத்துக்கு முன் வேட்டி வாங்கியவரை என் கஸ்டமர் என்று உரிமை கொண்டாட முடியாது.

அதற்காக நோட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விளம்பர வகையில் அனுப்பினால், 1909 என்ற எண்ணில் 'வேண்டாம்' என்று பதிந்தவர்களின் எண்களைப் பேரேடே கழித்துவிடும். 1909 இலவச எண். அழைத்தும் பதியலாம், எஸ்எம்எஸ்ஸிலும் பதியலாம். மொத்தமாக மறுக்கலாம், அல்லது வங்கி, ரியல் எஸ்டேட், கல்வி, உணவு என்று துறைவாரியாகத் தேர்ந்தெடுத்து மறுக்கலாம். வேண்டாம் என்று பதியாதவருக்குச் செய்தி போகும். அதிலும் 'இனி வேண்டாம்' என்று சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். ஒருவர் அப்படி விலகிவிட்டால் 90 நாளைக்கு அவரிடம் மறுபடி சம்மதம் கேட்கக் கூடாது. வெளிப்படையாகச் சம்மதம் கொடுத்தவர் என்றால், பொதுவாக வேண்டாம் என்று பதிந்திருந்தாலும் உங்கள் விளம்பரம் மட்டும் அவருக்குப் போகும். அந்தச் சம்மதத்தையும் பேரேட்டிலேயே பதிவதற்கு டிராய் 2023-லிருந்து ஏற்பாடு செய்துவருகிறது. கல்லாவில் ஒட்டிய காகிதத்தில் வாங்கிய கையெழுத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அண்ணாச்சி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "இந்த எழவே வேண்டாம். பையன் போன்லருந்து நாளைக்கு நூறு பேருக்கா அனுப்பிருவோம். பிளான்ல ஃப்ரீதான."

இதைத்தான் செய்யவே கூடாது. சொந்த சிம்மிலிருந்து விளம்பரம் அனுப்பினால் விதியின் கண்ணில் நீங்கள் பதியாத டெலிமார்க்கெட்டர். செய்தி வந்த ஏழு நாளுக்குள் எவரும் 1909-க்குப் புகார் செய்யலாம், டிராய் செயலியிலும் செய்யலாம். முன்பு மூன்று நாள்தான் இருந்தது. பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே நடவடிக்கை. நாலாயிரம் பேரில் எரிச்சல்காரர் ஐந்து பேர் இருக்க மாட்டார்களா? முதல் தடவை 15 நாளைக்கு வெளியே பேசும் வசதி போய்விடும். மறுபடியும் பிடிபட்டால் அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்பும், எந்த நிறுவனத்தில் இருந்தாலும், ஒரு வருஷத்துக்குத் துண்டிப்பு. பையன் போனில் வங்கி, ஆதார், ஜிபே எல்லாம் இருக்கிறது என்று நினைவூட்டினேன். அண்ணாச்சி போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று அடுத்து கேட்பார்கள். அது இணையம் வழியாகப் போவது, டிஎல்டி பேரேடு அங்கே குறுக்கிடாது. ஆனால் மொத்தமாக அனுப்பும் பிசினஸ் வசதியில் அவர்களும் டெம்ப்ளேட் ஒப்புதல் கேட்கிறார்கள், வாடிக்கையாளர்கள் பிளாக் செய்தால் அவர்களும் கெடுபிடி செய்கிறார்கள். ஒரு வீட்டுக் கதவிலிருந்து இன்னொரு வீட்டுக் கதவுக்குப் போவதுபோலத்தான்.

பதிவு முடிந்து, ஹெட்டர் வந்து, தீபாவளி டெம்ப்ளேட் ஒப்புதலாக எங்களுக்குப் பத்து நாள் ஆனது. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள். செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை 10.30-க்குப் போனது. நாலாயிரத்தில் எத்தனை கழிந்தது என்று பேனல் அறிக்கையைக் காட்டினேன். வருத்தப்பட்டார். சாயங்காலம் கடையில் கூட்டம் நின்றதும் அதை மறந்துவிட்டார்.

தை பிறக்க பத்து நாள் இருக்கும்போது போன். "தம்பி, அதே மெசேஜ்ல தீபாவளிய எடுத்துட்டுப் பொங்கல்னு போட்டு விட்டுருங்க."

அந்த டெம்ப்ளேட்டில் 'தீபாவளி' என்ற சொல்லைக் காலியிடமாக விடாமல் வாசகமாகவே பதிந்திருந்தோம். மறுபடி பான் கார்டெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, டெம்ப்ளேட் மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.